தரை போட்ட வருஷம்

என் தம்பியின் சின்ன வயதுப் போட்டோ வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பொருட்காட்சிக்குப் போனபோது எடுத்தது. அதில் அவனுக்கு நாலு வயது. கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் பானை. "புள்ள நல்லா சாப்புடுவான் போல" என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அந்த வயிறு முழுக்கப் பூச்சி. அம்மாவுக்கும் அது தெரியும். மாதம் ஒருமுறை வேப்பங்கொழுந்தை அரைத்து உருண்டை பிடித்து அவன் வாயில் திணிப்பாள். அவன் துப்புவான், இவள் முதுகில் ஒன்று வைப்பாள், மறுபடி திணிப்பாள். இரண்டு மூன்று நாள் மலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி வரும். அப்புறம் கொஞ்ச நாளில் வயிறு பழையபடி உப்பிவிடும்.

போன மாதம் தம்பி வீட்டில் வேலை நடந்தது. சாமான்களை வெளியே எடுத்து வைக்கும்போது டிரங்குப் பெட்டிக்குள் இந்தப் போட்டோ கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் வெகுநேரம் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

எங்கள் குடிசை வியாசர்பாடிப் பக்கம், ரயில் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. எட்டடி அகலம், பத்தடி நீளம். ஆயா, நைனா, அம்மா, நாங்கள் பிள்ளைகள் மூன்று பேர். மேலே ஓலை, சுற்றிலும் மண் சுவர், கீழே மண் தரை. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா சாணி கரைத்து மெழுகுவாள். பார்க்க அழகாக இருக்கும், வாசனையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஐப்பசி பிறந்தால் தரை ஊறிக்கொள்ளும். பாயைத் தூக்கினால் அடியில் பூஞ்சை பூத்திருக்கும். சந்தில் சாக்கடை கிடையாது. அவரவர் பாத்திரம் கழுவின தண்ணீரை அவரவர் வாசலில் கொட்டுவார்கள். அது வழிந்து போக இடம் இல்லாமல் அங்கேயே குட்டையாக நிற்கும். பிள்ளைகளுக்கு அந்த ஓரம்தான் கக்கூஸ். அதே மண் எங்கள் காலில் ஒட்டி வீட்டுக்குள் வரும். அந்தத் தரையில்தான் தம்பி தவழ்ந்தான், கீழே விழுந்த முறுக்கை எடுத்துத் தின்றான்.

இப்போது நான் சுகாதாரச் செவிலியர். உருண்டைப்புழுவின் முட்டை ஈரமண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும் என்று எனக்குத் தெரியும். கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும் என்றும் தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. "மண்ணு தின்னுற புள்ளைக்கு வயித்துல பூச்சிதான் இருக்கும்" என்று ஆயா சொல்வாள். யோசித்துப் பார்த்தால் ஆயா சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

தரை வந்தது 1981ல். அதற்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970ல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் தொடங்கினார்கள், அடுத்த வருஷமே அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. ஆரம்பத்தில் குடிசைகளை எடுத்துவிட்டு மாடிக் கட்டடங்கள் கட்டுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. கோடையில் ஒரு குடிசையில் பொறி விழுந்தால் ஒரு தெருவே சாம்பலாகிவிடும் காலம் அது. அதனால் கான்கிரீட் கூரை என்பது ஜனங்களுக்குப் பெரிய கனவு. ஆனால் நகரத்தில் இருந்த அத்தனை குடிசைக்கும் மாடி கட்டி முடிகிற காரியமா? 1977ல் உலக வங்கிக் கடனோடு சென்னையில் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் வேறு வழியைப் பிடித்தார்கள். குடிசையை இடிக்காமல், ஆட்களை நகர்த்தாமல், இருக்கிற சந்துக்கே நடைபாதை, குழாய், கழிப்பறை, தெருவிளக்கு போட்டுக் கொடுப்பது. குடியிருக்கிற இடத்தை அவர்கள் பேருக்கே எழுதிக் கொடுப்பது.

எங்கள் சந்துக்கும் அப்படி வேலை வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் தரை போட்டது அரசாங்கம் இல்லை, நைனா. அவர் ஹார்பரில் மூட்டை தூக்கினவர். நாலு மூட்டை சிமெண்ட் வாங்குகிற காசை எப்படியாவது புரட்டியிருப்பார். அதற்கு முன்னால் ஆயா எத்தனையோ தடவை கேட்டும் அவர் அசையவில்லை. "நாளைக்கே காலி பண்ணுன்னு வந்து நின்னா, தரையப் பேத்து எடுத்துக்கினா போவ முடியும்?" என்பார். இடத்துக்குப் பத்திரம் வரப்போகிறது, யாரும் வந்து விரட்ட மாட்டார்கள் என்று உறுதியானதும், அந்த மாதமே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்குள் அந்தப் பயம் எத்தனை வருஷமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தரை போட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, பத்து வயது. ஊறின மண்ணை ஒரு முழம் வெட்டி எடுத்தார்கள். ஆற்று மணல் கொட்டித் தண்ணீர் விட்டு அமுக்கினார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லி. திமுசுக்கட்டையால் நைனாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் மாற்றி மாற்றி இடித்தார்கள். மேலே சிமெண்ட், அதன்மேல் காவி கலந்த பூச்சு. கொத்தனார் கரணையால் இழுக்க இழுக்கத் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. ஓரத்தில் பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர் நிறுத்தினார்கள். அந்த ஏழு நாளும் நாங்கள் புது நடைபாதையில் தார்ப்பாய் கட்டிப் படுத்தோம். எட்டாம் நாள் ராத்திரி உள்ளே படுத்தபோது அம்மா பாயை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தாள். "ஈரம் ஏறலடி" என்றாள். தூங்கிப்போன எங்களை எழுப்பி எழுப்பிச் சொன்னாள்.

அடுத்த வருஷம் தம்பியின் வயிறு அடங்கியது. பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கும் வழக்கமெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. எனக்கும் கால் இடுக்கில் வரும் சொறி நின்றது. தரையா, குழாயா, சாக்கடையா, எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒன்றாகத்தான் வந்தன. இந்தக் கேள்வி என் மனதில் வெகுகாலம் இருந்தது.

பதில் கொண்டுவந்து கொடுத்தது என் மகள். அவள் பொருளாதாரம் படிக்கிறாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "அம்மா, தாத்தா போட்ட தரை மாதிரியே மெக்சிகோல கவர்மெண்டே போட்டுக் குடுத்திருக்காங்க" என்று ஆரம்பித்தாள். கோவாவிலா என்ற மாநிலத்தில் 2000ல் தொடங்கிய திட்டம். பேர் பிசோ ஃபிர்மே, உறுதியான தரை என்று அர்த்தமாம். ஏழைகளின் வீட்டில் மண் தரை இருந்தால், 50 சதுர மீட்டர் வரை சிமெண்ட் தரை இலவசம். வீட்டுக்காரர்கள் அறையைக் காலி செய்து மண்ணைச் சமப்படுத்தி வைக்க வேண்டும், கலவை லாரியில் தெருவுக்கே வரும். ஆராய்ச்சியாளர்கள் ஐந்து பேர் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்த இடம்தான் அருமை. நாசாஸ் என்ற ஆற்றுக்கு ஒரு பக்கம் கோவாவிலா மாநிலத்தின் தொர்ரேயோன் நகரம், மறு பக்கம் துராங்கோ மாநிலத்தின் இரண்டு ஊர்கள். மூன்றும் ஒட்டிக்கொண்ட ஒரே நகரம் மாதிரி. அதே வெயில், அதே மாதிரி ஜனம், அதே மாதிரி வேலை. இந்தக் கரையில் தரை கிடைத்தது, அந்தக் கரையில் அப்போது கிடைக்கவில்லை.

2005ல் இரண்டு பக்கத்துக் குழந்தைகளையும் பரிசோதித்தார்கள். வீடு முழுக்க மண் தரை போய் சிமெண்ட் தரை வந்த கணக்கில் பார்த்தால், ஆறு வயதுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சி 78 சதவீதம் குறைந்திருந்தது. பேதி 49 சதவீதம், ரத்தசோகை 81 சதவீதம். பிள்ளைகளின் பேச்சும் புத்தியும் தேர்ந்திருந்தன. அம்மாக்களுக்கு மனச்சோர்வும் படபடப்பும் குறைந்திருந்தன. மகள் இந்தக் கடைசி வரியை வாசித்தபோது எனக்கு அம்மாவின் உள்ளங்கைதான் ஞாபகம் வந்தது.

ரத்தசோகை 81 சதவீதம் குறைந்தது என்றால் என்ன என்று என்னைப் போல ஊசி போடுகிறவளுக்குத்தான் புரியும். எத்தனை பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மருந்து ஊற்றி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் காகிதம் மாதிரி வெளுத்திருக்கும். மருந்து கொடுப்பேன், சிவக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடி காகிதம். கீழே தரை மாறாமல் மேலே மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம். நல்ல காரியம்தான், நானே நின்று கொடுத்திருக்கிறேன். ஆனால் மாத்திரை இருக்கிற புழுவைக் கொல்லும், மண்ணில் கிடக்கிற முட்டையை ஒன்றும் செய்யாது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1995ல். பெரும்பாலும் வடசென்னைச் சந்துகள்தான் என் ஊர். ஒரு மழைக்காலம் எனக்கு மறக்காது. ஒரே சந்திலிருந்து ஒரு வாரத்தில் பதினாலு பிள்ளைகள் பேதியோடு வந்தார்கள். எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று. உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டேன். சாதாரணமாக விட்ட நொடியில் அது சமமாகிவிடும். அன்றைக்கு மடித்த துணி மாதிரி அப்படியே நின்றது, உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வழி முழுக்க அந்தத் தாய் உப்பு சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே போனாள், பிள்ளை பிழைத்தது.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு அந்தச் சந்துக்குப் போனேன். தண்ணீர் விடுகிற நேரம். குழாயில் வேகம் இல்லாததால் அதை வெட்டித் தரைக்குக் கீழே இறக்கியிருந்தார்கள். மூன்றடிப் பள்ளம். ஒரு பெண் பள்ளத்துக்குள் குந்தி உட்கார்ந்து சொம்பில் பிடித்துப் பிடித்து நீட்டுகிறாள், மேலே நிற்கிறவள் வாங்கிக் குடத்தில் ஊற்றுகிறாள். தண்ணீர் நின்றதும் அந்தப் பள்ளத்தில் சுற்றி இருக்கும் சாக்கடைக் கசிவு வந்து தேங்கும். தண்ணீர் விடாத நேரம் முழுக்கக் குழாய் வெறுமையாக இருக்கும், வெளியே இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் காலையில் முதல் இரண்டு குடம் கலங்கலாக, நாற்றமாக வரும். பெண்கள் அதைக் கீழே கொட்டிவிட்டு மூன்றாவது குடத்திலிருந்து பிடிப்பார்கள். மூன்றாவது குடம் கண்ணுக்கு நல்ல தெளிவு. நான் அதைத்தான் சோதனைக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டேன். கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கிற குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும். நானும் அந்தப் பெண்களும் தெருவிளக்கின் கீழ் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். நிறமே மாறவில்லை.

அந்தச் சந்தில் யாருக்கும் கை கழுவத் தெரியாமல் இல்லை. வீட்டைப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். "சுத்தமா இருங்க" என்று அவர்களுக்குச் சொற்பொழிவு செய்ய அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை. மனு எழுதினோம், அலைந்தோம். ஒன்றரை வருஷம் கழித்துப் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுசு போட்டார்கள், சாக்கடையைத் தள்ளிப் போட்டார்கள், பள்ளங்களை மூடினார்கள். அடுத்த மழைக்காலத்தில் என் பதிவேட்டில் அந்தச் சந்தின் பக்கத்தில் இரண்டே பேர். நான் கொடுத்த எந்த மருந்தும் இந்த வேலையைச் செய்ததில்லை.

அகமதாபாத்தில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். 1995ல் தொடங்கிய திட்டம், பரிவர்த்தன் என்று பேர். ஹிமான்ஷு பாரிக் என்ற பொறியாளரின் யோசனை. சேரியைத் தனியாகப் பார்க்காமல், நகரத்தின் குழாயோடும் சாக்கடையோடும் அதை இணைப்பது. வீட்டுக்கு வீடு தண்ணீர், வீட்டுக்கு வீடு கழிப்பறை, பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், பாதை, விளக்கு, குப்பை எடுக்கிற ஏற்பாடு. குடும்பத்துக்கு 2,000 ரூபாய் பங்கு. சேவா என்பது கூலி வேலை, சுயதொழில் செய்கிற ஏழைப் பெண்களின் சங்கம், அதன் பெண்கள் வங்கி அதற்குக் கடன் கொடுத்தது. பத்து வருஷத்துக்கு யாரையும் காலி செய்யச் சொல்ல மாட்டோம் என்று மாநகராட்சி எழுதிக் கொடுத்தது. நைனா கேட்டதும் இதே உறுதிதானே. அப்புறம் சேவாவின் மருத்துவக் காப்பீட்டில் வந்த மனுக்களை ஆராய்ந்தவர்கள், தண்ணீரால் வரும் நோய்க்கென்று மனு போடும் வாய்ப்பு 32 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்ததைக் கண்டார்கள். காப்பீட்டு மனு என்றால் ஒரு பெண் வேலைக்குப் போகாமல், கடன் வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள் என்று அர்த்தம்.

கழிப்பறை பற்றிச் சொல்லும்போது பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் சந்தில் பொதுக் கழிப்பறை வந்தபோதும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். எங்களையும் குடிக்க விட மாட்டாள். இருட்டில் அவ்வளவு தூரம் நடக்கப் பயம். மூத்திரக் கடுப்போடு என்னிடம் வருகிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு மேல தண்ணி குடிக்க மாட்டீங்க?" என்றுதான். உடனே சிரித்துவிடுவார்கள், பதில் சொல்வார்கள்.

பாதி வேலை செய்தால் வேறு நோய் வரும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். குழாய் போட்டார்கள், ஆனால் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். ஜனங்கள் என்ன செய்வார்கள்? டிரம் வாங்குவார்கள். நீல டிரம், குடம், பக்கெட், சின்டெக்ஸ் எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். டெங்குக் கொசுவுக்கு இந்த மாதிரி நல்ல தண்ணீர்தான் வேண்டும், சாக்கடை வேண்டாம். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். நகரத்து மலேரியாக் கொசுவும் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டை போடுகிற ஜாதிதான். "டிரம்ம மூடி வைங்கம்மா" என்று நாங்கள் வீடு வீடாகச் சொல்கிறோம். தினமும் தண்ணீர் வருகிற வீட்டில் டிரம்மே இருக்காது, மூடச் சொல்ல வேண்டியும் இருக்காது.

இப்போது என் சித்தி கதை. அம்மாவின் தங்கை. கூவம் கரையில் குடியிருந்தாள். கரை ஓரம் என்பதால் அங்கே பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் பேரனைத் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்புறம் அவர்களை நகரத்துக்குத் தெற்கே, 20 கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு பெரிய குடியிருப்புக்கு மாற்றினார்கள். ஆறாவது மாடி. நானே சாமான் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். உள்ளேயே கழிப்பறை, உள்ளேயே குழாய், டைல்ஸ் தரை. சித்தி கழிப்பறைக் கதவை நாலு தடவை திறந்து திறந்து மூடினாள். "இனிமே நடுராத்திரி எழுந்து போலாம், யாரையும் துணைக்குக் கூப்பிட வேணாம்" என்றாள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கரையில் எலி கடித்த பிள்ளைகளுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன். அங்கேயே அவர்கள் இருந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் சித்திக்குச் சர்க்கரை. முன்னே பத்து நிமிஷம் நடந்தால் அரசு ஆஸ்பத்திரி, மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொள்வாள். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், மூன்றும் நடக்கிற தூரம். புது இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வர ஒன்றே முக்கால் மணி நேரம், போய் வர அறுபது ரூபாய்க்கு மேல். ஆறு மாதத்தில் வேலை போனது. வேலை போனதும் பஸ் காசு போனது. பஸ் காசு போனதும் மாத்திரை போனது. லிஃப்ட் ஓடாத நாளில் முட்டி வலியோடு ஆறு மாடி இறங்க மாட்டாள், வீட்டுக்குள்ளேயே கிடப்பாள். 2018ல் காலில் சின்னக் கொப்புளம் வந்து, அழுகி, இரண்டு விரலை எடுத்தார்கள். கூவம் கரையில் அத்தனை அழுக்கில் போகாத விரல், டைல்ஸ் வீட்டில் போனது.

2021ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தது. அதே வருஷம் மக்களைத் தேடி மருத்துவம் வந்து, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சித்திக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இந்த இரண்டும் வீடு கட்டுகிற துறையின் வேலை இல்லை. ஆனாலும் இவை இல்லாமல் அந்த வீடு அவளுக்கு முழு வீடாக இருக்கவில்லை. ஜனங்களை அவர்கள் இருக்கிற இடத்திலேயே வைத்து, காலடியைச் சரிசெய்து கொடுப்பதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. ஆற்றுக்குள்ளேயே இருக்கிறவர்களை மாற்றத்தான் வேண்டும் என்றால், அவர்களுடைய வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பக்கத்தில் இடம் தேட வேண்டும். நான் பார்த்தவரையில் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாடி கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அது வெளிச்சம். டிபி நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கப் போகும்போது சில வீடுகளில் பகல் பன்னிரண்டு மணிக்கு லைட் போட்டால்தான் முகம் தெரியும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். ஒருத்தர் இருமினால் அந்தக் காற்று அங்கேயே சுற்றும். மும்பையில் கிழக்கு எம் வார்டில், சேரிகளிலிருந்து மாற்றப்பட்டவர்களுக்காகக் கட்டிய மூன்று குடியிருப்புகளை இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே மூன்று மீட்டர்தான் இடைவெளி வைத்திருந்த இடங்களில், வெயிலும் காற்றும் எட்டாத கீழ்மாடிகளில் டிபி அதிகமாக இருந்தது, மேலே போகப்போகக் குறைந்தது. கான்கிரீட் கூரை போட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வெயில் வர இடம் விடாமல் போனால் அந்தக் கூரையே பிள்ளைகளின் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, தம்பி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1981ல் நைனா தரை போட்டபோது, சந்திலிருந்து வீட்டுக்குள் போக ஒரு படி ஏற வேண்டும். இன்றைக்கு அதே வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும். தரை எங்கேயும் போகவில்லை, தெருதான் ஏறிவிட்டது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே தாரைக் கொட்டி, நாற்பது வருஷத்தில் வீடு பள்ளமாகிவிட்டது. சென்னையில் பழைய தெருக்களில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தச் செய்தியை நான் பேப்பரிலிருந்து கத்தரித்து வைத்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சாக்கடை பொங்கி தம்பி வீட்டுக்குள் முட்டிவரை நின்றது. மூன்று நாள். தண்ணீர் வடிந்ததும் நானும் போய் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். நைனாவின் காவித் தரை ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது, ஆனால் கால் வைத்தால் சில்லென்று ஈரம். இப்போதெல்லாம் சாதாரண மழைக்கே அப்படித்தான். தம்பியின் பேத்திக்கு இரண்டு வயது, அவளுக்கு ஐப்பசி தொடங்கினால் வீசிங். அம்மாவுக்கு 78 வயது, அவள் மறுபடி உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அதனால்தான் போன மாதம் தம்பி தரையை ஒன்றரை அடி உயர்த்தினான். தரை ஏறினால் தலை இடிக்கும், ஆகவே கூரையையும் தூக்க வேண்டும். ஷீட் வேண்டாம், வேகும் என்று நான் சொன்னேன், கான்கிரீட் தளத்துக்குக் கூடுதலாக ஆகிற செலவில் பாதி நான் போட்டேன். வாசல் பக்கம் மட்டும் இருந்த ஜன்னலோடு, பின்சுவரிலும் ஒன்று வைக்கச் சொன்னேன், காற்று குறுக்கே போகட்டும் என்று. பின்வீட்டுக்காரர் அவர் சுவரை ஒட்டி ரெண்டடி விட்டுக் கொடுத்தார். பழைய காவித் தரையை உடைக்கவில்லை, அதன்மேலேயே மணலும் ஜல்லியும் கொட்டினார்கள். அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் கூடை மணல் விழும்வரை அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு நாள் தண்ணீர் நின்றது. அம்மா அந்த ஏழு நாளும் பெரம்பூரில் என் வீட்டில் இருந்தாள். வேலை முடிந்த கையோடு நானும் தம்பியும் சந்துக்காரர்கள் முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த தடவை ரோடு போட வரும்போது முதலில் சுரண்டும் இயந்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்று. இறையன்பு உத்தரவுச் செய்தியின் நகலையும் அதோடு வைத்திருக்கிறோம்.